பிஎம்ஐ நார்மல் என்றால் உடம்பும் நார்மலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎம்ஐ என்றால் என்ன, எப்படிக் கணக்குப் போடுவது?

பிஎம்ஐ என்றால் பாடி மாஸ் இண்டெக்ஸ், அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் ஒரு எண். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 165 செ.மீ. உயரம், 68 கிலோ எடை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 68-ஐ 1.65-ஆல் வகுத்தால் 41.2, அதை மறுபடியும் 1.65-ஆல் வகுத்தால் 24.98. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 18.5 முதல் 25-க்குள் நார்மல், 25 முதல் 30-க்குள் அதிக எடை, 30-ஐத் தொட்டால் உடற்பருமன். ஆக இவர் நார்மல். இதே ஆள் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடை மெஷினில் ஏறினால் 68.5 கிலோ, பிஎம்ஐ 25.16, இப்போது 'அதிக எடை'. உடம்பில் எதுவும் மாறவில்லை. அதனால் ஒரு எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு புள்ளி நகர்ந்ததற்காகச் சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அந்த எண்ணிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம், என்ன தெரியாது என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கப் பேசப் போகிறோம்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்? டாக்டர்தானே?

இல்லை. அடோல்ஃப் கெட்டலே என்ற பெல்ஜியக்காரர், வானியலும் புள்ளியியலும் படித்தவர். 1830-களில் அவர் தேடிக்கொண்டிருந்தது 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதை. வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று கவனித்து எழுதி வைத்தார். யாருக்கு நோய் வரும், யாருக்கு வராது என்று கண்டுபிடிக்கும் எண்ணமெல்லாம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை, அவர் பார்த்தது கூட்டத்தை, தனி ஆளை அல்ல.

அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக அது பெரிதாகப் பேசப்படவில்லை. இடையில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் 'இந்த உயரத்துக்கு இந்த எடை' என்று தங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கை வைத்து அட்டவணைகள் போட்டன, டாக்டர்களும் அதைத்தான் பார்த்தார்கள். 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை எடுத்து, உயரத்தையும் எடையையும் சேர்த்துச் சொல்லும் சூத்திரங்களில் எது உடல் கொழுப்போடு ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டார்கள். கெட்டலேயின் கணக்கு மற்றவற்றுக்குச் சளைக்கவில்லை, போடுவதற்கும் சுலபம், அதற்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆய்வில் பெண்கள் கிடையாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே பிஎம்ஐ உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்தால் பெண்ணுக்குக் கொழுப்பு விகிதம் பொதுவாக நன்றாகவே கூடுதல், ஆனால் அட்டவணை இருவருக்கும் ஒன்றுதான்.

அப்படியானால் இது ஒன்றுக்கும் உதவாத கணக்கா?

அப்படித் தூக்கிப் போடவும் முடியாது. பிஎம்ஐயைத் திட்டுவது இப்போது கொஞ்சம் ஃபேஷனாகவே ஆகிவிட்டது, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. லட்சக்கணக்கான பேரை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இந்த எண் உண்மையைத்தான் சொல்கிறது. 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் 57 ஆய்வுகளைச் சேர்த்து, ஒன்பது லட்சம் பேர் கணக்கைப் பார்த்தார்கள்: பிஎம்ஐ 30 முதல் 35 வரை இருந்தவர்களுக்கு ஆயுள் சராசரியாக 2 முதல் 4 வருடம் குறைந்திருந்தது, 40 முதல் 45 வரை இருந்தவர்களுக்கு 8 முதல் 10 வருடம். சர்க்கரை நோய், முழங்கால் தேய்மானம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இவையெல்லாம் பிஎம்ஐ ஏற ஏறக் கூடுகின்றன.

செலவே இல்லாமல், ஊசி குத்தாமல், ஒரு நிமிடத்தில் எடுக்கக்கூடிய அளவு வேறு எது இருக்கிறது? ஒரு நாட்டில் பத்து வருடத்தில் உடற்பருமன் கூடியிருக்கிறதா என்று பார்க்க இதுவே போதும். மருந்து டோஸ், அறுவை சிகிச்சைக்குத் தகுதி என்று சில இடங்களில் ஏதாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அங்கேயும் கைகொடுக்கும். கூட்டத்துக்குச் சரியாக இருக்கும் அதே எண்ணை எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆளின் தலையில் தீர்ப்பாகக் கட்டும்போதுதான் தப்பு ஆரம்பிக்கிறது.

25, 30 என்ற எல்லைகள் இயற்கையில் இருக்கின்றனவா?

இல்லை, மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தவை. ஆபத்து 24.9-ல் படுத்துக் கிடந்துவிட்டு 25-ல் எழுந்து நிற்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்த எல்லையை, உலக சுகாதார நிறுவனத்தோடு ஒத்துப்போக 25 ஆக இறக்கினார்கள். அன்றைக்கு ஒரு கிராம்கூட ஏறாமல் கோடிக்கணக்கான பேர் 'அதிக எடை' ஆனார்கள்.

நான் தினமும் ஜிம்முக்குப் போகிறேன், பிஎம்ஐ 27. எனக்கு இது பொருந்தாதுதானே?

தசை அதிகம் உள்ளவர்களுக்கு பிஎம்ஐ தப்பாகக் காட்டும் என்பது உண்மை. எடை மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் தண்ணீரும் ஒன்றுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள்: உங்கள் இடுப்புச் சுற்றளவு என்ன? அது உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் சரி, தசைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். தாண்டிவிட்டால் அந்த 27-க்குத் தசையைக் காரணம் சொல்ல முடியாது. பளு தூக்குபவர்களையும் ரக்பி வீரர்களையும் காட்டி பிஎம்ஐயை மறுப்பவர்கள் ஏராளம், அந்த உடம்பு உள்ளவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

என் பிஎம்ஐ 22. நான் கவலைப்பட ஒன்றுமில்லைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

2004-ல் லான்செட்டில் ஒரு படம் வந்தது. சி.எஸ். யாஜ்னிக், ஜான் யுட்கின் என்று இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள், ஒருவர் புனேயில் வேலை செய்பவர், இன்னொருவர் லண்டனில். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. எந்த அட்டவணையில் பார்த்தாலும் பாஸ். இருவரும் டெக்ஸா ஸ்கேன் (உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று எக்ஸ்ரே மூலம் அளப்பது) எடுத்துப் பார்த்தார்கள். யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்! இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்தப் படம், எத்தனை கட்டுரை எழுதினாலும் வராத தெளிவை ஒரே பார்வையில் கொடுத்துவிடுகிறது.

பிஎம்ஐ 'நல்லா இருக்கிறவரைக் குண்டு என்று சொல்லிவிடும்' என்ற புகாரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை அதன் மறுபக்கம்: உள்ளே கோளாறு உள்ளவரை 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அமெரிக்காவில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல் கொழுப்பை அளந்து 2008-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிஎம்ஐ 30-ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையிலேயே கொழுப்பு அதிகம்தான், அந்த வகையில் எண் பொய் சொல்லவில்லை. ஆனால் கொழுப்பு அதிகமாக இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த 30 என்ற கோட்டுக்குக் கீழேயே இருந்தார்கள், அதாவது பிஎம்ஐயை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

ஏன் இப்படி? கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே சேர்கிறது என்பதுதான் முக்கியம். தோலுக்கு அடியில், தொடையில், இடுப்பின் பின்பக்கம் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாது. கல்லீரல், கணையம், குடல் இவற்றைச் சுற்றியும் அவற்றுக்குள்ளேயும் சேரும் கொழுப்புதான் சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றிவிடுகிறது. தோலுக்கு அடியில் சேர்த்து வைக்க ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. சிலருக்கு அது பெரிய கிடங்கு, 100 கிலோ ஆனாலும் நிரம்பாது. சிலருக்கு அறுபது கிலோவிலேயே நிரம்பி, மிச்சம் கல்லீரலுக்கு வழிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் என்ற பேராசிரியர் இதை ஒவ்வொருவருக்குமான தனிப்பட்ட கொழுப்பு வரம்பு என்கிறார். அவர் குழு 2023-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில் பிஎம்ஐ 27-க்குள் இருந்த, பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்லாத 20 சர்க்கரை நோயாளிகள் எடையைக் குறைத்தார்கள், 14 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இருபது பேர்தான், பெரிய ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நீ ஒல்லிதானே, உனக்கு எங்கே சுகர் வரப் போகிறது' என்ற பேச்சுக்கு இது நல்ல பதில்.

ஆகவே பிஎம்ஐ 22 என்றால் சந்தோஷம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறதா? அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? மணிக்கணக்கில் உட்கார்ந்தே வேலையா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஆசியர்களுக்கு எல்லை வேறு என்கிறார்களே?

ஆமாம், மேலே சொன்ன அதே காரணம்தான். தெற்காசியர் உட்பட ஆசிய மக்கள் பலருக்கும் குறைந்த பிஎம்ஐயிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வருகிறது. 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசிய மக்கள்தொகைக்கு 23, 27.5 என்ற இரண்டு எண்களைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. இணையத்தில் கிடைக்கும் பிஎம்ஐ கால்குலேட்டர்களில் பலவும் இன்னும் 25, 30 என்ற பழைய எல்லையை மட்டுமே காட்டுகின்றன, அதனால் பச்சை நிறம் வந்துவிட்டது என்று மூடி வைத்துவிடாமல் எண்ணைப் பாருங்கள்.

இடுப்புச் சுற்றளவை எப்படிச் சரியாக அளப்பது?

பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள், அது வேறு. பலர் தொப்பைக்குக் கீழே பேன்ட் போட்டுக்கொண்டு இருபது வருடமாக ஒரே சைஸ் என்கிறார்கள்.

சட்டையைத் தூக்கிவிட்டு, வெறும் வயிற்றின் மேல் டேப் படவேண்டும். விலாவின் பக்கவாட்டில் விரலை வைத்துக் கீழே நகர்த்துங்கள், கடைசி விலா எலும்பு முடியும் இடம் தெரியும். அதே பக்கத்தில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றவேண்டும், பின்பக்கம் இறங்கிவிடாமல் நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். டேப் தோலை ஒட்டி இருக்கட்டும், அமுக்க வேண்டாம். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, இதைத்தான் எல்லோரும் தெரியாமலே செய்துவிடுகிறார்கள். சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் அந்த நொடியில் எண்ணைப் படியுங்கள். இரண்டு தடவை எடுத்தால் நல்லது.

உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிய விதி: 160 செ.மீ. உயரம் என்றால் 80-க்குள். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022-ல் இதையே பரிந்துரைத்தது, பிஎம்ஐ 35-க்குக் கீழே உள்ள பெரியவர்களுக்கு. தனி எல்லை வேண்டுமென்றால் தெற்காசியர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பது பரவலாகப் பயன்படுவது.

கொஞ்சம் குண்டாக இருப்பவர்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்களாமே?

2013-ல் அப்படி ஓர் ஆய்வு வந்து உலகம் முழுக்கச் செய்தியானது: 97 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 25 முதல் 30 வரை பிஎம்ஐ உள்ளவர்களுக்கு நார்மல் எடை உள்ளவர்களைவிட இறப்பு 6 சதவீதம் குறைவு என்று சொன்னது. ஆய்வு செய்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒல்லியாக இருப்பவர்களில் யார் யார் இருக்கிறார்கள்? புகை பிடித்துப் பசி செத்தவர்கள், வெளியே தெரியாத புற்றுநோயால் எடை இறங்கிக்கொண்டிருப்பவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் எல்லோரும் அந்த 'நார்மல்' கூட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் சீக்கிரம் இறந்தால் பழி நார்மல் எடை மேல் விழும். 2016-ல் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவை எடுத்து, புகை பிடித்தவர்களையும் ஏற்கெனவே நாள்பட்ட நோய் இருந்தவர்களையும் முதல் ஐந்து வருடத்தில் இறந்தவர்களையும் விலக்கிவிட்டுப் பார்த்தபோது, இறப்பு மிகக் குறைவாக இருந்தது 20 முதல் 25 வரை உள்ளவர்களுக்குத்தான். நான் இரண்டாவது ஆய்வின் பக்கம். இருந்தாலும் வயதானவர்களுக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, எழுபது வயதுக்காரரை 22-க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று பட்டினி போடுவதில் அர்த்தமில்லை.

என் பிஎம்ஐ 32, ஆனால் சுகர், பிரஷர், ரத்தக் கொழுப்பு எல்லாம் நார்மல். விட்டுவிடலாமா?

நல்ல விஷயம், நிஜமாகவே நல்ல விஷயம். உங்களை நோயாளி என்று முத்திரை குத்துவது தப்பு. 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த நிபுணர் குழுவும் இதைத்தான் சொன்னது: பிஎம்ஐயை மட்டும் வைத்து உடற்பருமன் என்று முடிவு செய்யக் கூடாது, இடுப்பளவு போன்ற இன்னொரு அளவையும் எடுக்க வேண்டும் (பிஎம்ஐ 40-க்கு மேல் போனால் அது தேவையில்லை), அப்புறம் உடம்பில் சேர்ந்த கொழுப்பால் உறுப்புகளோ அன்றாட வேலையோ பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதித்திருந்தால் அது நோய், சிகிச்சை வேண்டும். பாதிக்கவில்லை என்றால் நோய்க்கு முந்தைய நிலை, கண்காணிப்பு போதும்.

ஆனால் கண்காணிப்பு என்றால் கண்காணிப்பு. பிரிட்டனில் 35 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், உடற்பருமன் இருந்தும் சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்புக் கோளாறு எதுவும் இல்லாதவர்களுக்கும், நார்மல் எடை உள்ள ஆரோக்கியமானவர்களைவிட இதயநோய் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்திருந்தது. குறட்டை, மூச்சு வாங்குதல், மூட்டுவலி இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவை ரத்தப் பரிசோதனையில் வராது.

எடை குறைவாக இருந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லையே?

சொல்ல வேண்டும். 18.5-க்குக் கீழே போனால் காசநோய் ஆபத்து கூடுகிறது, எலும்பு பலவீனமாகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்று போகலாம். பிஎம்ஐ உண்மையில் மிக நன்றாகப் பயன்படும் இடங்களில் இதுவும் ஒன்று, யாரும் கவனிப்பதில்லை. முயற்சியே செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் எடையில் 5 சதவீதம் இறங்கியிருந்தால், பிஎம்ஐ எந்தக் கட்டத்தில் இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். 'இளைச்சு நல்லா இருக்கீங்க' என்று ஊர் சொல்லும், நம்பாதீர்கள்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள்?

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அட்டவணை கூடவே கூடாது. குழந்தையின் பிஎம்ஐ முதல் வயதை ஒட்டி ஏறி, அப்புறம் இறங்கி, ஐந்து ஆறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி ஏறும், அதனால் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின்போது கர்ப்பத்துக்கு முந்தைய பிஎம்ஐதான் கணக்கு. வயதானவர்களுக்குத் தசை கரைந்து கொழுப்பு அந்த இடத்தைப் பிடித்தாலும் எடை அப்படியே நிற்கும், முதுகெலும்பு குறுகி உயரமும் குறைந்துவிடும், அதனால் எண்ணை நம்பமுடியாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்பது அவர்களுக்கு பிஎம்ஐயைவிட உபயோகமான கேள்வி. உடம்பில் நீர் கோத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

வீட்டு எடை மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதத்தை நம்பலாமா?

அந்த மெஷின் கொழுப்பை நேராக அளப்பதில்லை. பாதம் வழியாகச் சின்ன மின்சாரத்தை விட்டு, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலோ வியர்த்திருந்தாலோ எண் மாறும். ஒரே மெஷினில், காலையில் ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் பார்த்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ளலாம், ஒரு நாளின் எண்ணுக்கு மதிப்பில்லை.

எந்தப் பிரச்சினைக்குப் போனாலும் டாக்டர் பிஎம்ஐயைப் பார்த்து 'எடையைக் குறை' என்கிறார். என்ன செய்வது?

இது வருத்தமான விஷயம், நிறையப் பேர் சொல்கிறார்கள். எடையைக் காரணம் காட்டி வேறு நோயைத் தவறவிடுவது உண்மையில் நடக்கிறது, அவமானப்பட்டவர்கள் அடுத்த தடவை டாக்டரிடமே போவதில்லை. ஒரு கேள்வி உதவும்: 'நார்மல் எடை உள்ள ஒருவர் இதே தொந்தரவோடு வந்திருந்தால் என்ன பரிசோதனை செய்யச் சொல்வீர்கள் டாக்டர்?' மரியாதையாகவே கேட்கலாம். அதே பரிசோதனையை உங்களுக்கும் கேளுங்கள். அமெரிக்க மருத்துவச் சங்கமே 2023-ல், பிஎம்ஐயைத் தனியாக வைத்து முடிவெடுக்காமல் மற்ற அளவுகளோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறது.

ஆறு மாதமாக உழைத்து எடை இறங்கியது, ஆனால் பிஎம்ஐ இன்னும் 'உடற்பருமன்' கட்டத்திலேயே இருக்கிறது. எல்லாம் வீணா?

இல்லவே இல்லை! 2002-ல் முடிவுகள் வெளியான அமெரிக்கச் சர்க்கரைநோய்த் தடுப்பு ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி பிஎம்ஐ 34. உணவு, நடைப்பயிற்சி வழியாக எடையை 7 சதவீதம் குறைப்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த இலக்கு. 34-ல் 7 சதவீதம் போனால்கூட 31.6, அட்டவணையில் அதே கட்டம்தான். ஆனால் மூன்று வருடத்துக்குள் அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வந்தவர்கள், சாதாரண அறிவுரை மட்டும் பெற்ற குழுவைவிட 58 சதவீதம் குறைவு. கல்லீரல் கொழுப்பும் உள்வயிற்றுக் கொழுப்பும் எடை இறங்கும்போது முதலில் கரைபவற்றில் சேர்ந்தவை, அதனால் கட்டம் மாறுவதற்கு ரொம்ப முன்னாலேயே ரத்தத்தில் வித்தியாசம் தெரியும். அடுத்த தடவை பரிசோதனைக்குப் போகும்போது எடையோடு நிறுத்தாமல் இடுப்பளவு, பிரஷர், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) நான்கையும் ஆறு மாதத்துக்கு முந்தைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.